அனுப்பிவிட்டேன் என்று எழுதிய காலை

என் கணவர் ட்ரோன் ஓட்டுபவர். அந்த ட்ரோன் பறக்க அனுமதி வாங்கித் தருவது என் வேலையாக இருந்தது. இரண்டு பேரும் ஒரே கம்பெனிதான். கோயம்புத்தூரில் இருக்கும் சின்ன சர்வே கம்பெனி. அவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில், முந்திரித் தோப்புகளுக்கு மேலே ட்ரோனைப் பறக்கவிட்டு, எத்தனை மரம் இருக்கிறது, எது பட்டுப்போனது, எது பூத்திருக்கிறது என்று படமெடுப்பார். நான் கொடைக்கானல் மலையில் பூண்டி என்ற ஊரில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து அந்த நாட்டு அலுவலகங்களுக்கு விண்ணப்பம் எழுதுவேன். அந்த நாட்டின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தப்பு என்னுடையது.

கொடைக்கானல் கான்வென்ட்டில் படித்ததால் வந்த இங்கிலீஷ் எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தது. அந்த நாட்டு விதிகள் எனக்கு மனப்பாடம். ட்ரோனை நாட்டுக்குள் கொண்டுபோக ஒரு அனுமதி, பதிவு செய்ய இன்னொன்று, பறக்கவிட இன்னொன்று. ராணுவத்திலிருந்து ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம். தோப்பின் நாலு மூலையும் குறித்த வரைபடம். அந்த ஊர்த் தலைவர் கையெழுத்து. பகலில் மட்டும்தான் பறக்கலாம். கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டக்கூடாது. ஆள் கூடியிருக்கும் இடத்துக்கு மேலே போகவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, எந்த ட்ரோனுக்கு அனுமதி கொடுத்தார்களோ அதே ட்ரோன்தான் பறக்க வேண்டும். ஒவ்வொன்றின் வயிற்றுப் பக்கமும் நீளமான வரிசை எண் இருக்கும்; அந்த எண் அனுமதிக் கடிதத்தில் இருக்க வேண்டும். வேறு ட்ரோனை மாற்றினால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் அன்றைக்கே பதில் போட்டுவிடுவார்கள். அங்கே அந்த வேலையைப் பார்த்த அதிகாரி ஒரு பெண். அவரை நான் பார்த்ததில்லை. கடிதத்தில் மட்டும் தெரியும். ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் மரியாதையாகத் திருப்பி அனுப்புவார்.

பூண்டி வீட்டில் நானும், எங்கள் ஆறு வயது மகளும், என் மாமனாரும் இருந்தோம். அத்தை நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்விட்டார். மாமாவுக்கு என் கணவர் ஒரே பிள்ளை. மலைச்சரிவில் பூண்டுத் தோட்டம். எழுபது வயதிலும் மண்வெட்டியை இன்னொருவர் கையில் கொடுக்கமாட்டார். மகன் அனுப்பும் வீடியோக்களை என் போனில் போடச் சொல்லிப் பார்ப்பார். அங்கே மண் சிவப்பாக இருக்கும். "இந்த மண்ணுல பூண்டு வெளையாது தாயி. தண்ணி நிக்காது பாரு," என்பார். அவன் என்ன வேலை பார்க்கிறான் என்பதை விட மண் எப்படி இருக்கிறது என்பதில்தான் அவருக்கு அக்கறை.

அந்த வருடம் ஆடி மாதம் மழை விடாமல் பெய்தது. ஒரு திங்கட்கிழமை என் கணவர் கூப்பிட்டார்.

"ட்ரோனப் பருந்து அடிச்சிருச்சு. அதோட ஒரு கை முறிஞ்சு கெடக்கு. இன்னொரு ட்ரோன் கையில இருக்கு. அந்த நம்பரப் போட்டு எழுதி அனுப்பிரு. பூ கொட்டறதுக்குள்ள முடிக்கணும்."

அன்று மாலையே விண்ணப்பத்தை எழுதி முடித்துவிட்டேன். எண்ணை இரண்டு தடவை சரிபார்த்தேன். அனுப்பப் போகும்போது நெட் இல்லை. மன்னவனூர் ரோட்டில் மரம் சாய்ந்து கேபிள் அறுந்திருந்தது. போனில் ஒரு புள்ளி சிக்னல். பேசலாம், நாலு வார்த்தை செய்தி போகும், கோப்பு போகாது. காலையில் போகட்டும் என்று விட்டேன்.

காலையில் மாமா படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கேரட் மூட்டை ஏற்றும் ஜீப்பில் அவரைப் படுக்க வைத்துக் கொடைக்கானலுக்குக் கிளம்பினேன். வழியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்கிட்டச் சொல்லாத தாயி. அம்புட்டுத் தூரத்துல இருக்கான். சோலியப் பாக்கட்டும்."

"சரி மாமா."

"சத்தியமாச் சொல்லு."

"சத்தியமா மாமா. பேசாம படுங்க."

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். இருதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். நான் ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினேன். வரிசையில் நிற்கும்போது போன் அதிர்ந்தது. அங்கே காலை ஏழு மணி.

"புது நம்பர் அனுப்பிட்டியா?"

இல்லை என்று எழுதினால் ஏன் என்று கேட்பார். நெட் இல்லை என்றால் கொடைக்கானலுக்குப் போய் அனுப்பு என்பார். கொடைக்கானலில்தான் இருக்கிறேன் என்றால், எதற்கு வந்தாய் என்பார். இதையெல்லாம் அப்போது இவ்வளவு நிதானமாக யோசித்தேனா என்று தெரியவில்லை. பின்னால் சேர்த்துக்கொண்டதாகவும் இருக்கலாம். லேப்டாப் பை என் தோளில்தான் தொங்கியது. மருந்தைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் எங்கேயாவது உட்கார்ந்து அனுப்பிவிடலாம் என்று நினைத்தேன்.

"அனுப்பிட்டேன்" என்று எழுதினேன்.

மருந்தோடு திரும்பியபோது மாமாவுக்கு மூச்சு இன்னும் மோசமாகியிருந்தது. அதற்குப் பிறகு எனக்கு எதுவும் நினைவில் இல்லை. ஊசி, ரத்தப் பரிசோதனை, கையெழுத்து, மூத்திரப் பை. அன்று முழுவதும் விண்ணப்பம் என்ற ஒன்று என் நினைப்பிலேயே வரவில்லை. மறுநாள் காலை அவர் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார். அப்போதுதான் சுரீர் என்று நினைவு வந்தது. ஏரிக்குப் போகும் ரோட்டில் ஒரு காபி கடைக்கு ஓடி, அங்கிருந்த நெட்டில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு ஒரு காபியும் குடித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

முந்தின நாளே எல்லாம் முடிந்திருந்தது. மாற்று ட்ரோனை அவர் பகல் பத்து மணிக்கு மேலேற்றியிருக்கிறார். பதில் வராமல் பறக்கவிட்டது அதற்கு முன் எப்போதும் இல்லை. ஆனால் தோப்புக்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். நானும் அனுப்பிவிட்டதாகச் சொல்லியிருந்தேன். பதில் எப்படியும் மதியத்துக்குள் வந்துவிடும் என்று நம்பியிருக்கிறார். மதியம் வழக்கமான சோதனைக்கு இரண்டு பேர் வந்தார்கள். ட்ரோனைக் கீழே இறக்கச் சொல்லி, கவிழ்த்து, எண்ணைக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ட்ரோனையும் போனையும் பாஸ்போர்ட்டையும் வாங்கிக்கொண்டு போனார்கள். விசாரணை முடியும்வரை அந்த டவுனை விட்டு வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

புதன்கிழமை சாயங்காலம்தான் போனைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். உடனே என்னைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொல்லிக்கொண்டே வந்தவர், என் பின்னால் யாரோ நர்ஸைக் கூப்பிடும் சத்தத்தைக் கேட்டு நிறுத்தினார்.

"எங்கெருக்க நீ?"

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "மாமாவுக்கு முடியலைங்க. ஆஸ்பத்திரியில சேத்துருக்கு. இப்பப் பரவால்ல."

"எப்ப சேத்த?"

"நேத்துக் காலையில."

"நேத்துக் காலையில நான் மெசேஜ் போட்டப்ப ஆஸ்பத்திரியிலயா இருந்த?"

"ஆமா."

"அப்பாவப் பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டார். விண்ணப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது நிஜமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

நாலாம் நாள் மாமாவை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். வாசலில் வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால் பூண்டுத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகன் மாட்டிக்கொண்டது அவருக்குத் தெரியாது. தினமும் போனில் இரண்டு பேரும் பேசுவார்கள். "நல்லாருக்கேன்ப்பா." "நானும் நல்லாருக்கேன்டா." இரண்டு பொய்க்கும் நடுவில் நான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

"எப்பத்தா வாரான்?" என்று கேட்பார் வைத்த பிறகு.

"அடுத்த வாரம் மாமா."

"வெரசா வரச் சொல்லு. களை எடுக்கணும்."

பதினோராம் நாள் வெள்ளனே மறுபடியும் மூச்சு திணறியது. கொடைக்கானலில் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் பெருமாள்மலையைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவில் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் முழுக்க மேகம். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் குனிந்தேன். மாஸ்க்குக்குள் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. கூட வந்த செவிலியர் டிரைவர் பக்கம் திரும்பி, "அண்ணே, ஓரமா நிறுத்துங்க" என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது.

ரோட்டோரத்தில் நின்றபடியே கணவரைக் கூப்பிட்டேன். அவர் "சொல்லு" என்றார். அழுதேன். அவரே, "எப்ப?" என்று கேட்டார்.

"இப்பத்தாங்க."

"கொள்ளி நான்தான் வைக்கணும். நான் வர்ற வரைக்கும் வச்சிருங்க. எப்படியாவது பாஸ்போர்ட்டக் கேட்டு வாங்கிட்டு வந்துர்றேன்."

அதன் பிறகு நான் செய்தது எனக்குத் தெரிந்த ஒரே வேலை. மாமாவை நடுவீட்டில் குளிர்பெட்டியில் வைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருக்க, நான் மாடி அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து விண்ணப்பம் எழுதினேன். என் கணவரின் பாஸ்போர்ட்டைப் பத்து நாளைக்காவது திருப்பித் தர வேண்டும், ஒரே மகன், தகப்பனுக்கு ஈமக்கடன் செய்ய வேண்டியவர், முடிந்ததும் விசாரணைக்குத் திரும்பி வருவார். ஈமக்கடன் என்பதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுத மூன்று தடவை அடித்துத் திருத்தினேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தை இங்கிலீஷில் மாற்றி, கிராம நிர்வாக அலுவலரிடம் சீட்டு வாங்கி இணைத்தேன். மாமாவின் ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, அப்பா மகன் என்பதற்கு என்னென்ன உண்டோ எல்லாம். ஒரு எழுத்துப் பிழை இல்லை. அன்றைக்கு நெட்டும் ஒழுங்காக இருந்தது.

ஒரு மணி நேரத்தில் அந்தப் பெண் அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. வருத்தத்தைத் தெரிவித்திருந்தார். கோப்பு தலைநகரத்தில் அமைச்சகத்தில் இருப்பதாகவும், கையெழுத்துப் போட வேண்டியவர் திங்கட்கிழமைதான் வருவார் என்றும், தானே போனில் பேசிப் பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். அன்று வெள்ளிக்கிழமை.

சனிக்கிழமை மத்தியானம்வரை வைத்திருந்தோம். என் கணவரின் பெரியப்பா மாடிப்படியின் கீழே நின்று கூப்பிட்டார்.

"ஏத்தா, இன்னும் எம்புட்டு நேரம் வச்சிருக்கறது? கரண்டு போய்ப் போய் வருது. மழ வேற. அவென் வருவானா, வரமாட்டானா? ஒண்ணச் சொல்லு."

"வரமாட்டாருங்க பெரியமாமா," என்றேன். அதைச் சொன்னது நான். கணவரிடம் கேட்காமலேயே சொன்னேன். கேட்டிருந்தால், வந்துவிடுகிறேன் என்றுதான் சொல்லியிருப்பார்.

பெரியப்பா மகன் கொள்ளி வைப்பது என்று முடிவாயிற்று. மழையில் விறகு நனையாமல் இருக்கத் தார்ப்பாய் கட்டினார்கள். வீடியோ காலில் கணவருக்குக் காட்டிக்கொண்டே நான் மயானத்துக்கு இறங்கும் மேடுவரை போனேன். அதற்கு மேல் பெண்கள் போவதில்லை. சிக்னலும் அங்கே முடிந்துவிடும். போன் திரையில் உறைந்துபோன அவர் முகத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போது தலைக்கு மேலே அந்தச் சத்தம் கேட்டது. தேனீக் கூட்டம் மாதிரி ஒரு இரைச்சல். எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். கொழுந்தன் முறையில் ஒருவர் கொடைக்கானலிலிருந்து கல்யாண வீடியோ எடுப்பவரை ட்ரோனோடு கூட்டி வந்திருந்தார். மகன் பார்க்கட்டுமே என்று நல்ல எண்ணத்தில் செய்தது.

"கீழ எறக்குங்க!" என்று கத்தினேன். "ஃபாரஸ்ட் எல்லை. பர்மிஷன் வாங்குனீங்களா? எறக்குங்க மொதல்ல!"

துக்க வீட்டில் இப்படிக் கத்துகிறாளே என்று எல்லோரும் பார்த்தார்கள். வீடியோக்காரர் பயந்துபோய் இறக்கிவிட்டார். கொழுந்தன், "அண்ணன் பாக்கட்டும்னுதான மதினி" என்றார், குரல் உடைந்து. நான் நனைந்த புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அந்த ட்ரோன் மட்டும் பறந்திருந்தால், தன் அப்பாவுக்குத் தீ வைத்ததை என் கணவர் பார்த்திருப்பார். அதையும் நான்தான் தடுத்தேன்.

திங்கட்கிழமை அங்கே கையெழுத்தாகவில்லை. செவ்வாயன்று ஆயிற்று. வியாழக்கிழமை காலை அவர் பூண்டிக்கு வந்து சேர்ந்தார். வீட்டுக்குள் வராமல் நேராக மயானத்துக்குப் போனார். அங்கே ஒன்றுமில்லை; சாம்பலையும் அள்ளிக் கரைத்தாயிற்று, மீதியை மழை கழுவிவிட்டது. திரும்பி வந்து, அப்பா உட்கார்ந்த நாற்காலியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பதினாறாம் நாள் காரியத்தை அவர்தான் செய்தார். யார் கேட்டாலும், "அங்க ரூல்ஸ் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டுங்க" என்று மட்டும் சொன்னார். என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் மறுபடி விசாரணைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. எழுத்தில் எச்சரித்துக் கோப்பை மூடிவிட்டதாக அந்த அதிகாரி எழுதினார். என் கணவர் கொண்டுவந்த காகிதங்களையெல்லாம் கம்பெனிக்கு அனுப்புவதற்காக ஒருநாள் நான் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அதில் அவர் கொடுத்த வாக்குமூலம் இருந்தது. அவருடைய உடைந்த இங்கிலீஷில், கையால் எழுதியது.

"ட்ரோனை மாற்றியதற்கு விண்ணப்பம் போகவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் பறக்கவிட்டேன். அலுவலக வேலையைப் பார்ப்பவர் மேல் எந்தத் தவறும் இல்லை." இவ்வளவுதான் அதன் சாரம். தேதியைப் பார்த்தேன். நான் ஆஸ்பத்திரியிலிருந்து பேசியதற்கு மறுநாள். அன்றே அந்த நாட்டு அலுவலகத்தில் அவரிடம் பதிவைத் திறந்து காட்டியிருக்கிறார்கள்: பறக்கவிட்டது செவ்வாய், விண்ணப்பம் வந்தது புதன். முன்பின் அறியாதவர்கள் முன்னால் என் பொய்யைத் தெரிந்துகொண்டு, அங்கேயே உட்கார்ந்து அதைத் தன் மேல் எழுதிக் கொடுத்திருக்கிறார். உண்மையைச் சொல்லியிருந்தால் இவ்வளவு நாள் இழுத்திருக்குமா என்று தெரியவில்லை. அலுவலகத் தவறு என்று ஒரு அபராதத்தோடு விட்டிருக்கலாம். அவர் அப்பாவைப் பார்த்திருக்கலாம்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பூண்டுப் பாத்தியில் குத்துக்காலிட்டுக் களை பறித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நான் அன்னைக்கு அனுப்பல."

நிமிர்ந்து பார்த்தார். என் கையில் இருந்ததையும் பார்த்தார். "தெரியும்."

"மாமா சத்தியம் வாங்கிட்டாரு, உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு. சாயங்காலத்துக்குள்ள அனுப்பிரலாம்னு..."

"அதுவுந் தெரியும். நான் யோசிச்சுப் பாத்துட்டேன். உன் எடத்துல நான் இருந்தாலும் அப்டித்தா செஞ்சிருப்பேன்."

"அப்ப ஏங்க எங்கிட்டப் பேச மாட்டேங்குறீங்க?"

கையிலிருந்த மண்ணை உதறினார். கோபமாகப் பேசவில்லை. சொல்லக் கஷ்டப்பட்டுத்தான் சொன்னார்.

"உன்னய மாட்டிவிட மனசு வரல. எழுதிக் குடுத்துட்டேன். ஆனா அப்பா மொகம் ஞாபகம் வரும்போதெல்லாம் உன் மேல கோவம் வருது. போகும் போகும்னு பாக்குறேன், போக மாட்டேங்குது. நான் என்ன செய்ய?"

பக்கத்துப் பாத்தியில் உட்கார்ந்து சாயங்காலம்வரை நானும் களை எடுத்தேன்.

அந்த வேலையை நான் விட்டுவிட்டேன். அடுத்த பூப் பருவத்துக்குக் கம்பெனி அவரை மறுபடியும் அதே நாட்டுக்குக் கூப்பிட்டது. போகிறேன் என்றார். அனுமதிக் காகிதங்களை இப்போது கோயம்புத்தூரில் ஒரு பெண் பார்க்கிறாள். ஆரம்பத்தில் சில நாள் என்னிடம் போன் செய்து சந்தேகம் கேட்பாள். எந்த அலுவலகத்துக்கு எது முதலில் போக வேண்டும், வரைபடத்தில் தெற்குப் பக்கத்து எண்களுக்கு முன்னால் கழித்தல் குறி போட மறக்கக்கூடாது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

கணவர் தினமும் கூப்பிடுகிறார். சாப்பாடு, மழை, பூண்டு விலை, எல்லாம் பேசுகிறோம். கெட்ட வார்த்தை ஒன்று கிடையாது. போன மாதம் மகளுக்குக் காய்ச்சல். இரண்டு நாளில் விட்டுவிட்டது. அதைச் சொன்னேன்.

"நெசமா விட்டுருச்சா?"

"விட்டுருச்சுங்க. விளையாடிக்கிட்டு இருக்கா."

"தெர்மாமீட்டர வச்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு," என்றார்.

மகளைக் கூப்பிட்டு மடியில் உட்கார வைத்து, தெர்மாமீட்டரை அவள் கையிடுக்கில் வைத்தேன். சத்தம் வந்ததும் எடுத்து, எண் தெளிவாகத் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று போனில் தெரிந்தது. "சரி" என்று எழுதினார்.